அமெரிக்க நாட்டுப்புற இசைக் கலைஞர் எலிசபெத் காட்டனின் கிட்டார் பதிவுகளில் எதிலிருந்து தொடங்கலாம்? அவர் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தது கேட்கும்போது தெரியுமா?

தெரியும். ஆனால் முதல் தடவையிலேயே தெரிந்துவிடாது. காதை எங்கே வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால்தான் பிடிபடும். நீங்களும் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். வலக்கைக்காரர்களுக்குக் கேள்வியின் இரண்டாவது பாதி தோன்றவே தோன்றாது. நானும் இடக்கைதான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். 1958இல் ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டிலிருந்து தொடங்குங்கள். அன்றைக்கு அதன் பெயர் 'ஃபோக்சாங்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டல்ஸ் வித் கிட்டார்'. பிற்பாடு 'ஃப்ரைட் ட்ரெய்ன்' என்று தொடங்கும் நீளமான பெயரில் மறுபடி வந்தது. இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம். மைக் சீகர் வாஷிங்டனில் காட்டனின் வீட்டுக்கே கருவியைக் கொண்டுபோய்ப் பதிவு செய்தது. ஸ்டுடியோ கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. ஒரு கிட்டார், சில பாட்டுகளில் ஒரு குரல். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

அறுபதுக்கு மேல் முதல் இசைத்தட்டா என்று கேட்பீர்கள். காட்டன் 1893இல் வட கரோலினாவில் சேப்பல் ஹில் பக்கத்தில் பிறந்தவர். அண்ணன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அவருடைய பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தை எடுத்து வாசித்துப் பழகினார். அது வலக்கைக்காரருக்கென்று கம்பி கட்டியது. தங்கை அதை அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார். பிறகு வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் 3 டாலர் 75 சென்ட்டுக்குச் சொந்தமாக ஒரு கிட்டார் வாங்கினார். அதையும் கம்பி மாற்றாமல் திருப்பிப் பிடித்துத்தான் வாசித்தார். 'ஃப்ரைட் ட்ரெய்ன்' பாட்டைக் கட்டியபோது அவருக்கு 11, 12 வயதுதான். கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு, தேவாலயத்தில் இந்த மாதிரிப் பாட்டெல்லாம் வாசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சுமார் 25 ஆண்டு கிட்டாரை ஏறக்குறைய மறந்தே போனார்.

பின்னாளில் வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, வழி தவறி நின்ற ஒரு சிறுமியைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். தாய், இசையமைப்பாளர் ரூத் க்ராஃபோர்ட் சீகர். சிறுமி, பெகி சீகர். முதல் தட்டைப் பதிவு செய்த மைக் சீகர் இவருடைய அண்ணன். அந்த வீட்டுக்கே வேலைக்குப் போனார். ஒரு நாள் சுவரில் மாட்டியிருந்த அவர்களுடைய கிட்டாரை எடுத்து அவர் வாசித்துக்கொண்டிருந்ததைப் பெகி பார்த்துவிட்டார். அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் இந்தப் பதிவு எதுவும் நம் காதுக்கு வந்திருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

சரி, தலைகீழ் விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமாகப் பிடித்த கிட்டாரில் தடித்த கம்பிகள் மேலே, முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மெல்லிய கம்பிகள் கீழே, தரைப் பக்கம். விரலால் மீட்டுகிறவர்கள் கட்டை விரலால் தடித்த கம்பிகளை மேலிருந்து தட்டி பேஸ், அதாவது அடித்தளமான தாழ்ந்த சுரங்களை, போடுவார்கள். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளைக் கீழிருந்து சுண்டி மெட்டை எடுக்கும். காட்டனிடம் இந்த இரண்டு வேலையும் விரல் மாறிவிட்டன. மெல்லிய கம்பிகள் மேலே போய்விட்டதால் மெட்டு கட்டை விரலுக்குப் போனது. பேஸ் பெரும்பாலும் ஆட்காட்டி விரலின் பொறுப்பு.

இப்போது 'ஃப்ரைட் ட்ரெய்ன்' பதிவைப் போட்டு மெட்டை மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் சதைப்பற்றோடு, உருண்டையாக விழும். அது கட்டை விரலின் கனம். அடுத்த தடவை பேஸை மட்டும் கேளுங்கள். மற்றவர்களிடம் 'தொம், தொம்' என்று தரையில் காலை ஊன்றுகிற பேஸ், இவரிடம் ஊன்றாது. சுண்டிவிட்டதும் மேலே துள்ளும். ரயில் பாட்டுதான், ஆனால் இரும்புச் சத்தம் இல்லாமல் தூரத்தில் ஓடுகிற மாதிரி இருக்கும். அந்தத் தூரம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஆட்காட்டி விரலிலிருந்துதான் வருகிறது. பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டால் இன்னும் துல்லியமாகப் பிடிபடும்.

இதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வி என்னைத் தொட்டதே அங்கேதான்.

14 வயதில் கிட்டார் வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் கருவியை என் போக்கில் மடியில் வைத்ததும் ஆசிரியர் எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அதை வாங்கித் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். இரண்டு வருஷம் வலக்கையால் மீட்டினேன். இடது கை கம்பிகளை அழுத்துவதில் குறை இல்லை. கார்டு, அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்க விரல்களை வைக்கும் அமைப்பு, மாற்றுவதில் வகுப்பிலேயே நான்தான் வேகம். ஆனால் வலது கட்டை விரல் பேஸைச் சீராகப் போடவே போடாது. நாலு அடி ஒழுங்காக விழும், ஐந்தாவது தடுமாறும். ஒரு நாள் எல்லார் முன்னாலும் ஆசிரியர் சொன்னார்: "உனக்குத் தாளம் கிடையாது. பாட்டுக் கேள், போதும்." அன்றைக்கு அலமாரிக்குப் பின்னால் போன கிட்டார், 11 வருஷம் அங்கேயே இருந்தது. எனக்குத் தாளம் கிடையாது என்று நானும் நம்பிக்கொண்டே இருந்தேன்.

காட்டனின் இசைத்தட்டை நண்பர் ஒருவர் அனுப்பியபோது அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. முதல் உருப்படி 'வில்சன் ராக்'. குரல் இல்லாத வெறும் கிட்டார். கேட்டவுடன் ஏதோ ஒன்று வேறு மாதிரி இருக்கிறது என்று மட்டும் பட்டது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. ஒரே இரவில் எட்டு, பத்துத் தடவை கேட்டிருப்பேன். அடுத்த வாரம், நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் 60களில் நடத்திய 'ரெயின்போ க்வெஸ்ட்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் வாசிக்கும் காட்சியைப் பார்த்தேன். இடது கை மீட்டுகிறது. கட்டை விரல் மேலே மெட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பார்த்துக்கொண்டிருந்தபோதே எழுந்து போய் அலமாரியை நகர்த்தினேன்.

தூசி தட்டி, புதுக் கம்பி போட்டு, திருப்பிப் பிடித்தேன். கார்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. சி கார்டில் வழக்கமாக மோதிர விரல் மேலே, ஆட்காட்டி விரல் கீழே நிற்கும். திருப்பிப் பிடித்தால் ஆட்காட்டி மேலே ஏற வேண்டும், மோதிர விரல் கீழே இறங்கி நீள வேண்டும். மணிக்கட்டு வெளியே பிதுங்கும். சி-யிலிருந்து ஈ-க்குப் போகும் அந்த ஒரு மாற்றத்துக்கு எனக்கு நாலு மாதம் ஆனது. ஆனால் மீட்டும் கை முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. ஐந்தாவது அடி தடுமாறவில்லை. ஆறாவதும் தடுமாறவில்லை. அன்றைக்கு அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

என் கிட்டாரில் கீறல் படாமல் காக்கும் தகடு இப்போது துளைக்கு மேல் பக்கம் சும்மா இருக்கிறது. கீழ்ப் பக்கம், ஆட்காட்டி விரல் நகம் உரசி உரசி, பாலிஷ் போய் வெளிறிய கோடு ஒன்று விழுந்திருக்கிறது. நகத்தை விட்டுத் தடவினால் மரத்தின் நரம்பு தட்டுப்படும்.

இனி சண்டைக்கு வருகிறவர்களுக்கு. இடக்கைக்காரர்கள் எல்லாரும் தலைகீழாகத்தான் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இடக்கைக்கென்றே செய்த கிட்டார் வாங்க முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். சாதாரணக் கிட்டாரில் கம்பிகளை மட்டும் மாற்றிப் போடலாமே என்றால், போடலாம்; ஆனால் கழுத்தின் முனையில் கம்பி உட்காரும் பள்ளங்கள் ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் ஏற்ப வெட்டப்பட்டவை. கீழே கம்பி ஏறி நிற்கும் எலும்புத் துண்டும் சாய்வாக வைக்கப்பட்டிருக்கும். இரண்டையும் சரிசெய்யாமல் மாற்றினால் மேல் ஃப்ரெட்களில் (கழுத்தின் குறுக்கே பதித்த கட்டைகளில்) சுருதி விலகும். வலக்கையாகவே பழகி அருமையாக வாசிக்கும் இடக்கைக்காரர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவே இல்லை.

"ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் இப்படித்தானே" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இல்லை. அவர் வலக்கைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்தாலும் கம்பிகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். கம்பி வரிசையையும் தலைகீழாகவே வைத்து வாசித்த புகழ்பெற்றவர் வேண்டுமென்றால் ஆல்பர்ட் கிங் இருக்கிறார், டிக் டேல் இருக்கிறார். இருவரும் மின்கிட்டார்காரர்கள். வெறும் விரலால், இரண்டு வேலையையும் ஒரே கையில் பிரித்துக் கொடுத்து வாசிக்கும் பாணிக்கு மட்டும் காட்டன் பெயரே 'காட்டன் பிக்கிங்' என்று நிலைத்துவிட்டது.

"குரல் நடுங்குகிறது, பதிவு பழசு" என்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. வயதான குரல்தான். எனக்கு அந்தக் குரல் வேண்டும்.

வேறொன்றும் மனதில் கிடக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் இடக்கைக்காரராக நீங்கள் புரிந்துகொள்வீர்கள். வலப் பக்கம் மட்டும் எழுதும் பலகை வைத்த நாற்காலிகளை இன்னும் ஏன் செய்கிறார்கள்? நான் மூன்று மணி நேரத் தேர்வுகளை உடம்பை முறுக்கிக்கொண்டு, முழங்கை அந்தரத்தில் தொங்க எழுதியிருக்கிறேன். ஒரு தடவை மேற்பார்வையாளர் வந்து, பக்கத்துத் தாளைப் பார்க்கத்தான் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுப்பி நிறுத்தினார். பத்து நிமிஷம் போனது. அந்தப் பத்து நிமிஷத்தை யாரும் திருப்பித் தரவில்லை. ஒரு அறையில் இரண்டு நாற்காலி இடப் பக்கப் பலகையோடு போட்டால் என்ன குறைந்துவிடும்?

சரி, பதிவுகளுக்குத் திரும்புகிறேன். 1958 தட்டில் 'வில்சன் ராக்', 'ஃப்ரைட் ட்ரெய்ன்' இரண்டும் பழகிய பிறகு 'வாஸ்டபோல்' கேளுங்கள். கிட்டாரைத் 'திறந்த டி'-யில், அதாவது எந்தக் கம்பியையும் அழுத்தாமல் மீட்டினாலே டி கார்டு ஒலிக்கும்படி, சுருதி சேர்த்து வாசித்தது. மேலே கட்டை விரல் மெட்டைச் சொல்ல, கீழே பேஸ் மணி மாதிரி ஒலித்துக்கொண்டே இருக்கும். அடுத்து 'ஓ பேப் இட் எய்ன்ட் நோ லை'. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்ன பொய்யால் அம்மாவிடம் தண்டனை வாங்கியதை வைத்துச் சின்ன வயதில் கட்டிய பாட்டு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட குழந்தை அதற்குள் இன்னும் இருக்கிறது.

1967இல் வந்த 'ஷேக் சுகரி' இரண்டாவது தட்டு. தலைப்புப் பாட்டைப் பாடுவது அவருடைய 12 வயதுக் கொள்ளுப்பேத்தி. காட்டன் கிட்டார் மட்டும். கடைசியாக 'எலிசபெத் காட்டன் லைவ்!' என்ற மேடைப் பதிவு. அதற்கு 1985இல் கிராமி விருது கிடைத்தபோது அவர் தொண்ணூறைக் கடந்திருந்தார். பாட்டுகளுக்கு நடுவே அவர் கதை சொல்வதும் அதில் உண்டு, அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இரண்டு வருஷம் கழித்து, 1987இல் மறைந்தார்.

கேட்கும்போது பாட்டை எழுதியவர் பெயர் என்ன போட்டிருக்கிறது என்றும் கொஞ்சம் பாருங்கள். பெகி சீகர் 50களில் 'ஃப்ரைட் ட்ரெய்ன்' பாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பாட, அங்கே வேறு இருவர் தங்கள் பெயரில் உரிமை பதிந்துவிட்டார்கள். 1957இல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் பாடி அது பெரிய வெற்றியும் அடைந்தது. சீகர் குடும்பம் கூட நின்று போராடிய பிறகுதான் காட்டன் பெயர் அதில் ஏறியது. இன்றைக்கும் 'பாரம்பரியப் பாடல்' என்று போட்டு இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பார்க்கும் இடத்திலெல்லாம் அவர் பெயரை எழுதிவிட்டுத்தான் நகர்கிறேன்.

நீங்கள் எந்தக் கையில் மீட்டுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். தலைகீழ் என்றால், சி-யிலிருந்து ஈ-க்குப் போகும்போது என் விரல்கள் நிற்கும் இடத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன். உங்களுக்கு நாலு மாதம் ஆக வேண்டியதில்லை.