குடல் பாக்டீரியாக்கள் ஒட்டுண்ணிகளிடமிருந்து நம்மைக் காக்குமா?

சில காக்கும்; சில ஒட்டுண்ணிக்கே உதவும்.

என்னை மிகவும் வியக்கவைத்தது சீதபேதி உண்டாக்கும் அமீபா பற்றிய ஆய்வு. 2014இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளின் குடலில் இழை போன்ற ஒருவகை பாக்டீரியாவைக் குடியேற்றினார்கள். அந்த எலிகள் அமீபாவை நன்கு எதிர்த்து நின்றன. குடலில் இன்டர்லூக்கின்-17 என்ற சமிக்ஞைப் புரதம் கூடியிருந்தது. கிருமிகளோடு போரிடும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்களும் பெருகியிருந்தன. அதோடு முடியவில்லை. அந்த எலிகளின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த டென்ட்ரிடிக் செல்களை (கிருமியை அடையாளம் கண்டு மற்ற நோய் எதிர்ப்புச் செல்களுக்குத் தெரிவிப்பவை), அந்த பாக்டீரியா இல்லாத எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. குடலில் வாழும் நுண்ணுயிர், எலும்புக்குள் உருவாகும் செல்லின் இயல்பையே மாற்றுகிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத செய்தி இது.

குடலில் வாழும் ஒட்டுண்ணியான சாட்டைப்புழுவின் கதை நேர்மாறானது. எலிகளைத் தாக்கும் சாட்டைப்புழுவின் முட்டை பொரிவதற்கே குடல் பாக்டீரியாவின் தொடுகை தேவை என்று 2010இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனவே ‘நல்ல பாக்டீரியா’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

இவை எலிகளில் கண்டவை. குடற்புழு இருந்தால் மருத்துவர் தரும் அல்பெண்டசோலை விட்டுவிட்டுத் தயிரையோ உயிருள்ள பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரையையோ நம்பி இருந்துவிடாதீர்கள்.