போதைச் சாவில ரத்தம் என்ன சொல்லும்: திருகோணமலை ஆக்களின்ர கேள்விகள்

உப்புவெளித் தம்பி: அண்ணா, ஊசி போட்டுச் செத்த பெடியனுக்கு நெஞ்சில எடுக்காம தொடையில ரத்தம் எடுத்தவையாம். ஏன்?

அதுதான் சரியான இடம் தம்பி. உயிர் போனாலும் மருந்து உள்ளுக்குள்ள நகர்ந்துகொண்டுதான் இருக்கும், ஈரல், நுரையீரல்ல தேங்கினது கசிஞ்சு இதய ரத்தத்துக்க வரும், அங்க எடுத்தா உயிரோட இருந்தப்ப இருந்ததை விடக் கூடக் காட்டும். ஐஸ் எண்டுற மெத்தம்பெட்டமைன் போதையிலயும் இது நடக்கும். அதால தொடை நாளத்தை மேல கட்டிப்போட்டு கீழ உறிஞ்சிறது. அந்த ரத்தம் விடுற சாம்பல் மூடிக் குப்பிக்குள்ள வெள்ளையா கொஞ்சத் தூள் இருக்கும், கிருமியைத் தடுக்கிற சோடியம் புளோரைட். ரத்தம் விட்டவுடன எட்டுப் பத்துத் தரம் மெதுவா பிரட்டோணும், இல்லாட்டி தூள் கரையாம கிடக்க கிருமி உள்ளயே அல்ககோல் உண்டாக்கிப்போடும்.

கிண்ணியாவில இருந்து: நானா, ஹெரோயின் பாவிச்சவருக்கு ரிப்போட்டில மோர்பின் எண்டு போட்டிருக்கு, பிழையா?

பிழையில்ல. ஹெரோயின் ரத்தத்தில சில நிமிசம்தான் நிக்கும், 6-மோனோஅசிட்டைல்மோர்பினா மாறி பிறகு மோர்பினாகும். மோர்பின் மட்டும் எண்டா கோடீன் கலந்த இருமல் மருந்தாலயும் வந்திருக்கலாம். நடுவில வாற அந்த 6-மோனோஅசிட்டைல்மோர்பின் சிறுநீரில கிடைச்சா ஹெரோயின்தான்.

சாம்பல்தீவு அக்கா: குடிக்காத மனுசன், ரெண்டு நாள் கழிச்சு கடற்கரையில கிடைச்சவர், ரத்தத்தில அல்ககோலாம்.

அக்கா, எங்கட வெயிலுக்கு உடம்பு கெதியா பழுதாகும், அப்ப கிருமியே அல்ககோல் ஆக்கும். கண்ணுக்குள்ள இருக்கிற பாகுக்கு கிருமி பிந்தித்தான் போகும். அதிலயும் சிறுநீரிலயும் பாத்தவையோ எண்டு சட்ட வைத்திய அதிகாரியிட்ட கட்டாயம் கேளுங்கோ. அதுகள்ல இல்லாம ரத்தத்தில மட்டும் கொஞ்சம் இருந்தா அவரைக் குடிகாரன் எண்டு ஆரும் சொல்லக்கூடாது.

இன்னொரு தம்பி: எத்தின மில்லிகிராம் இருந்தா சாவு?

இந்தக் கேள்விக்கு ஒரு நம்பர் சொல்லி நான் உங்களை ஏமாத்த மாட்டன். ஒரு பெடியன்ர ரத்தக் குப்பிக்கு நான்தான் லேபல் ஒட்டினன், அவன் மறியலால வந்து நாலாம் நாள் செத்தவன். உள்ள இருந்த மாசங்கள்ல உடம்பு பழக்கத்தை விட்டிட்டுது, அவன் பழைய அளவைத்தான் எடுத்தவன், மூச்சு நிண்டிட்டுது. அதே அளவோட தினமும் எடுக்கிற ஒருத்தன் நடந்து திரிவான். மேல சாராயமோ நித்திரைக் குளிசையோ சேர்ந்தா இன்னும் குறைஞ்ச அளவே காணும்.

தங்கச்சி ஒராள்: வீட்டுக்காரர் என்ன செய்யலாம் அண்ணா?

முதல்ல செய்யிற சோதனைக் கிட் எல்லாத்தையும் பிடிக்காது, ஹெரோயினைத் தேடுற கிட்டில பிரீகாபலின் (நரம்பு வலிக்குக் குடுக்கிற, போதைக்கும் எடுக்கிற குளிசை) விழாது, அதைத் தனியாத் தேடோணும். அதால குளிசை மட்டை, ஊசி, பேப்பர்த் துண்டு எதையும் கூட்டி எறியாதேங்கோ, தொடாம பொலிசுக்குக் காட்டுங்கோ. வெக்கத்தில அம்மாமார் குசினிக்க வைச்சு எரிச்சுப்போடுறதை நான் கனதரம் பாத்திட்டன்.