வெற்றிலைத் தண்ணீரும் மாசிக்காய்ப் பொடியும் உள்ளே போகலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை. இந்த வருடத்தில் மூன்றாவது முறையாக வெள்ளைப்படுதல், கூடவே அரிப்பு. வெற்றிலையைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரால் உள்ளே கழுவச் சொல்கிறார் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா). அம்மா லிட்டில் இந்தியாவில் மாசிக்காய்ப் பொடி வாங்கி வந்து, துணியில் முடிந்து உள்ளே வைக்கச் சொல்கிறார். இதெல்லாம் அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமா? (வாசகி, பினாங்கு)

பதில்: சகோதரி, இரண்டையும் உள்ளே விடாதீர்கள். வெளிப்பக்கம் கழுவ ஆறிய வெற்றிலைத் தண்ணீர் வைத்துக்கொண்டால் பெரிய தவறில்லை. எரிந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள், வெறும் தண்ணீர் போதும்.

பிறப்புறுப்புப் பாதைக்கு அதன் சொந்தக் காவல் இருக்கிறது. உள்சுவரில் சேரும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சத்தை வைத்து லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் பிழைக்கின்றன. பதிலுக்கு லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. இனப்பெருக்க வயதில் அங்கே பி.எச். (புளிப்பு அளவு) 3.8 முதல் 4.5 வரை இருக்கும். அந்தப் புளிப்பில் பல கிருமிகளுக்குப் பிழைப்பு இல்லை. அதற்கு மேல் சளிப்படலம், எதிர்ப்புப் புரதங்கள், டிஃபென்சின் போன்ற கிருமிக்கொல்லிகள். இத்தனையும் தினமும் கொஞ்சம் வெளியே வரத்தான் செய்யும். நாற்றமோ அரிப்போ இல்லாத வெள்ளைப்படுதல் பெரும்பாலும் நோயல்ல.

இப்போது மாசிக்காய். நம் வீட்டில் பிள்ளைக்கு உரைமருந்து இழைக்கும் அதே காய்தான். மலாய்க்காரர்கள் மஞ்சாக்கானி என்பார்கள். ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பாருங்கள். நாக்கு இழுத்துப் பிடித்து, வறண்டு சொரசொரக்கும். அதிலிருக்கும் டேனின் எச்சிலின் புரதங்களைப் பிடித்துத் திரள வைப்பதால் வரும் துவர்ப்பு அது. உள்ளே வைத்தாலும் அதே வேலைதான், ஆனால் இம்முறை மாட்டிக்கொள்வது உங்கள் சளிப்படலம். ‘இறுக்கமாகிவிட்டது’ என்று தோன்றுவது பெரும்பாலும் இந்த வறட்சிதான். துணி முடிச்சு உள்ளேயே தங்கிவிட்டால் அது வேறு தொல்லை. வெற்றிலைச் சாறு கிருமியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் அதற்கு நல்லது கெட்டது தெரியாது. உள்ளே அடிக்கடி கழுவும் பெண்களிடம் பாக்டீரியல் வஜினோசிஸ் (நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகும் கோளாறு) அதிகம் காணப்படுகிறது.

“ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்களே” என்று யாராவது விளம்பரத்தைக் காட்டுவார்கள். மஞ்சள், வேம்பு என்று பல மூலிகைச் சாறுகளை ஆய்வகத்தில் சோதிப்பது உண்மை. சில அழற்சியைக் குறைக்கின்றன, சில கிருமியைத் தடுக்கின்றன. ஆனால் கண்ணாடித் தட்டில் நடப்பது உடம்பிலும் நடக்கும் என்று சொல்ல முடியாது. நானாக்ஸினால்-9 என்ற விந்துக்கொல்லி ஆய்வகத்தில் எச்.ஐ.வி. வைரஸைக் கொன்றது. பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து நாடுகளில் பெண்களிடம் சோதித்தபோது கதை தலைகீழானது. 2002-இல் வெளியான முடிவின்படி, அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்குத் தொற்று கூடியிருந்தது; உள்சுவரையே அது அரித்துவிட்டது. ரசாயனத்துக்கு மட்டும்தான் இந்த எச்சரிக்கை என்று நினைக்காதீர்கள். மூலிகைச் சாறும் ரசாயனங்களின் கலவைதான்.

சரி, மூன்று முறை ஏன் வந்தது? எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி. தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையும் அரிப்பும் என்றால் கேண்டிடா பூஞ்சையாக இருக்கலாம். மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் நீர்த்து வந்தால் பாக்டீரியல் வஜினோசிஸ். மஞ்சள் பச்சையாக நுரைத்தால் டிரைக்கோமோனாஸ் என்ற, உறவால் பரவும் ஒட்டுண்ணி, அதில் கணவருக்கும் சேர்த்து மருந்து தர வேண்டும். பூஞ்சைக்கு குளோட்ரிமசோல், மற்ற இரண்டுக்கும் மெட்ரோனிடசோல். பூஞ்சை மருந்து மற்ற இரண்டுக்கும் உதவாது, அவற்றின் மருந்து பூஞ்சைக்கும் உதவாது, அதனால் ஃபார்மசியில் ஊகித்து வாங்காமல் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். லேடி டாக்டர் வேண்டுமென்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்படியே இரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். திரும்பத் திரும்ப வரும் கேண்டிடாவுக்குப் பின்னால் தெரியாத நீரிழிவு ஒளிந்திருக்கலாம். மலேசியாவில் இனவாரியாகப் பார்த்தால் அது நம்மவர்களிடம்தான் அதிகம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்து பல வருடம் ஆகியிருந்தால் அதையும் இதே போக்கில் முடித்துவிடலாம்.

குடிக்கும் ஜாமு (மலாய் நாட்டு மருந்து), காச்சிப் பாத்திமா என்ற பெண்களுக்கான மூலிகை மாத்திரை பற்றியும் நிறைய பேர் கேட்கிறார்கள். டப்பாவில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி டி (T) எழுத்தில் முடியும் பதிவு எண்ணும், சுகாதார அமைச்சின் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஜாமுவில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டது உண்டு, அது சர்க்கரையையும் ஏற்றும். பிள்ளை உண்டாகியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே காச்சிப் பாத்திமா வேண்டாம்.

அடிவயிற்று வலி, காய்ச்சல், உறவுக்குப் பின் இரத்தம், இவற்றில் எது இருந்தாலும் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.