கேள்வி மேடை: ஒருவர் பேச, பலர் கேட்க

கே: 12 பைபர் படகுகளில் சின்ன வைஃபை ரேடியோ வைத்திருக்கிறோம். நடுவில் டவர் எதுவும் இல்லை. ஒன்றிடம் வாங்கியதை மற்றது திருப்பி அனுப்பும். நாலு படகு வரை குரல் தெளிவு. எல்லாம் சேர்ந்தால் வெட்டி வெட்டிக் கேட்கிறது. ரூட்டிங் (எந்த வழியில் அனுப்புவது என்ற) முறையை மாற்ற வேண்டுமா?
– வாசகர், காசிமேடு

ப: அதற்கு முன் ஒரு கணக்கு. வைஃபையில் மல்டிகாஸ்ட் (ஒருவர் அனுப்ப, பலர் பெறும்) பாக்கெட்டுக்கு, அதாவது அப்படிப் போகும் தரவுப் பொட்டலத்துக்கு, ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் கிடையாது, தவறினால் தவறியதுதான். எல்லோருக்கும் எட்ட வேண்டுமே என்று 2.4 கிகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ் வேகத்திலேயே போகும்.

குரல் 24 கேபிபிஎஸ், 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். செகண்டுக்கு 50 பாக்கெட். முகவரி போன்ற விவரம் தாங்கும் ஹெடர்களோடு ஒன்று 124 பைட். காத்திருப்பும் சேர்த்தால் காற்றில் ஏறக்குறைய 1.5 மில்லிசெகண்ட் பிடிக்கும். ஒரு ரேடியோவுக்குச் சேனல் நேரத்தில் 7.5 சதவீதம். பன்னிரண்டும் திருப்பிச் சொன்னால் 90! மோதல் வேறு இருக்கிறது. குரல் வெட்டாமல் என்ன செய்யும்?

முதலில், 60 மில்லிசெகண்ட் குரலை ஒரே பாக்கெட்டில் கட்டுங்கள். ஒரு ரேடியோவின் பங்கு 4.2 சதவீதமாக இறங்கும். தாமதம் 40 மில்லிசெகண்ட் கூடும். பட்டனை அழுத்திப் பேசும் முறைக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் ஒரு பாக்கெட் தொலைந்தால் பெரிய துண்டாகப் போகும்.

அடுத்து, எல்லோரும் திருப்பிச் சொல்வதை நிறுத்துங்கள். ஒவ்வொரு ரேடியோவும் ‘ஹலோ’ செய்தியில் தன் பக்கத்தாரின் பட்டியலையும் அனுப்பும். அதை வைத்து, இரண்டு தாவல் (ஒரு ரேடியோவிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்) தள்ளி இருப்பவர் எல்லோரையும் எட்டுவதற்குப் போதுமான சிலரை மட்டும் அஞ்சல்காரராகத் தேர்ந்தெடுப்பதுதான் எம்பிஆர் முறை. 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6621 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் மல்டிகாஸ்டுக்கும் இதைப் பயன்படுத்தும் வழி சொல்கிறது. அனுப்பியவரோடு நான்கு அஞ்சல்காரர் போதும் என்றால் செலவு 21 சதவீதம்தான். ஒரே பாக்கெட் மறுபடி வந்தால் அடையாளம் கண்டு ஒதுக்குவது கட்டாயம். இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். திருப்பி அனுப்புமுன் சில மில்லிசெகண்ட், ஆளுக்கு ஒரு அளவாக, தாமதம் வையுங்கள். ஒரே கணத்தில் இரண்டு பேர் வாய் திறந்தால் இரண்டுமே வீண்.

ஒரு எச்சரிக்கை: அலையில் ஆன்டெனா சாயும்போது ஓர் இணைப்பு சட்டென்று செத்துப்போகும். எம்பிஆரைப் பயன்படுத்தும் ஓஎல்எஸ்ஆர் என்ற ரூட்டிங் முறையின் வழக்க அமைப்பில் ஹலோ 2 செகண்டுக்கு ஒருமுறை. பக்கத்தார் போனதை உணர 6 செகண்ட் ஆகும். எனவே எம்பிஆர் கவரேஜை (இரண்டு தாவல் தள்ளி இருப்பவரை எட்ட எத்தனை அஞ்சல்காரர் என்பதை) 1-லிருந்து 2 ஆக்குங்கள். மல்டிகாஸ்ட் வேகத்தை 6 எம்பிபிஎஸ் ஆக்கினால் செலவு இன்னும் குறையும், தூரமும் குறையும். கடலில் தூரம்தான் பெரிது. அதைத் தொடாமல் இருப்பதே எங்கள் விருப்பம்.

கே: கல்லூரி புராஜெக்டுக்கு மல்டிகாஸ்ட் ரூட்டிங் முறைகளான எம்ஏஓடிவி, ஓடிஎம்ஆர்பி இரண்டில் எது நல்லது?
– மாணவி, வியாசர்பாடி

ப: எம்ஏஓடிவி ஒரு மரம். உறுப்பினருக்கு ஒரே வழி. கிளை ஒடிந்தால் கீழே இருப்பவர் ஒட்டும்வரை பாக்கெட்டுகள் போச்சு. ஓடிஎம்ஆர்பி வலை. அனுப்புபவர் அவ்வப்போது ‘யாருக்கு வேண்டும்?’ என்ற கேள்வியைப் பரப்புவார். பதில் திரும்பும் வழியில் உள்ளவர்கள் அஞ்சல் குழு ஆவார்கள். ஒரு வழி போனாலும் இன்னொன்று இருக்கும். அஞ்சல் குழுவின் ஆயுளைக் கேள்வி இடைவெளியைப் போல் 3 முதல் 5 மடங்கு வையுங்கள்.

ரேடியோக்களின் நகர்வு அதிகம், அனுப்புபவர் குறைவு என்றால் வலை. அனுப்புபவர் கூடக் கூட, ஆளாளுக்குக் கேள்வி பரப்பி அதன் லாபம் கரையும். சேர்ந்த பாக்கெட்டுகளின் சதவீதத்தை மட்டும் கிராஃபில் வரையாதீர்கள். சேர்ந்த ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை முறை அனுப்ப நேர்ந்தது என்பதையும் வரையுங்கள்.

கே: மல்டிகாஸ்ட் பக்கத்து ரேடியோ வரை போகிறது, அதற்கு அப்பால் போகவில்லை.
– வாசகர், திருவொற்றியூர்

ப: மல்டிகாஸ்டின் டிடிஎல் (எத்தனை தாவல் போகலாம் என்ற எண்) தானாக 1-தான் இருக்கும். முதல் தாவலிலேயே தீர்ந்துவிடும். புரோகிராமில் 8 என்று மாற்றுங்கள். முகவரி 224.0.0 என்று தொடங்கினால் டிடிஎல் எவ்வளவு இருந்தாலும் ரூட்டர் கடத்தாது. 239-இல் தொடங்கும் ஒன்றை எடுங்கள்.