இது எந்த ஊர்ச் சரக்கு?

பயணப் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். டிசம்பரில் எங்கள் இருவரையும் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலில் மெக்சிகோவின் கோசுமெல் தீவுக்கு அழைத்துப் போகிறான். அங்கே ஏழெட்டு மணி நேரம்தான் இருப்போமாம். சம்பந்தி வீடு, அக்கம்பக்கம் என்று எல்லோருக்கும் ஏதாவது வாங்க வேண்டும். துறைமுகத்தில் விற்பதெல்லாம் சீனாவில் செய்ததுதான் என்கிறான் மகன். நிஜமாகவே அந்த ஊர்ப் பொருள் எது? எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: அம்மா, ஒகேனக்கல்லுக்குப் பல தடவை போயிருப்பீர்கள். அருவிக்குப் போகும் வழியில் கடைகளில் சங்கும் சோழி மாலையும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காவிரியில் சங்கு ஏது? எங்கோ கடற்கரையிலிருந்து மூட்டையில் வந்த சரக்கு அது. அதே ஊரில், கரையோரம் உட்கார்ந்து மூங்கிலைப் பிளந்து பரிசல் பின்னுகிறவர் இருக்கிறார். ஒகேனக்கல் என்றால் அந்தக் கைவேலைதான். ஆனால் சுற்றுலா வந்தவர்கள் சோழி மாலையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். கோசுமெல்லிலும் இதே கதைதான். அங்கே பரிசல்காரரைத் தேடிப் போகவேண்டும், அவ்வளவுதான்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். ஒன்பது வருடம் கப்பலில் அறைப் பராமரிப்பு வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் நீங்கள் போகப்போகிற அதே வழித்தடம். அதனால் இதை நிதானமாகவே சொல்கிறேன்.

கோசுமெல்லில் மூன்று துறைகள். புந்தா லங்கோஸ்தா என்பது ஊருக்குள்ளேயே இருக்கிறது, இறங்கி நடந்துவிடலாம். மற்ற இரண்டும் ஊருக்குத் தெற்கே தள்ளி இருக்கின்றன. அங்கிருந்து டாக்ஸி பிடிக்க வேண்டும். எதில் இறங்கினாலும் முதலில் வரும் பளபளப்பான கடைவீதி கப்பல் பயணிகளுக்காகவே கட்டியது. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அதே காந்த பொம்மை, அதே பனியன். கப்பலிலேயே ஒரு வரைபடம் கொடுத்து 'நாங்கள் பரிந்துரைக்கும் கடைகள்' என்பார்கள். அந்த வரைபடத்தில் இடம்பிடிக்கக் கடைக்காரர்கள் பணம் கட்டுகிறார்கள். விளம்பரம் என்று தெரிந்துகொண்டு படித்தால் போதும்.

ஊரின் பெயர் சான் மிகேல். கடலோரச் சாலையிலிருந்து உள்ளே நடந்தால் தெருக்களின் எண் ஐந்து ஐந்தாகக் கூடும்: 5, 10, 15, 20 என்று. கடலோரம் முழுக்க வெளியூர்க்காரர்களுக்கான கடைகள். பதினைந்தாம் தெருவைத் தாண்டும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளும், சோளரொட்டி சுடும் வாசனையும், தையல் கடையும் வர ஆரம்பிக்கும். அங்கே கேளுங்கள்.

கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. 'கியென் லோ இசோ?' என்றால் 'யார் செய்தது?' 'தே தோந்தே எஸ்?' என்றால் 'எந்த ஊர்?' நம் மாங்காய் மண்டியில் ஒரு கூடையைக் காட்டி எந்தத் தோப்பு என்று கேட்டால் உண்மையான ஆள் தோப்பின் பெயரோடு சொந்தக்காரர் பெயரையும் சேர்த்துச் சொல்வார் இல்லையா? அங்கேயும் அப்படித்தான். தெரிந்தவர் ஊர்ப் பெயரைச் சொல்லி, அத்தை, மாமியார் என்று ஆளையும் சொல்லுவார். தெரியாதவர் 'மெக்சிகோ, மெக்சிகோ' என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

கோசுமெல் யுகாத்தான் பகுதியைச் சேர்ந்தது, மாயா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அந்த நிலத்தின் முதல் பொருள் என்று என்னைக் கேட்டால் வலைத்தொட்டில்தான். ஹேமக் என்று விற்பார்கள். நம் வீட்டில் உத்திரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போடுவோமே, அங்கே பெரியவர்களும் அப்படியே படுக்கிறார்கள். வீடு கட்டும்போதே சுவரில் கொக்கி பதித்துவிடுவார்கள். மெரிதா நகருக்குப் பக்கத்தில் திக்ஸ்கோகோப் என்ற ஊர் இதற்குப் பேர்போனது.

ஒருநாள் இருபதாம் தெருப் பக்கம் ஓர் அம்மா திண்ணையில் நின்று தொட்டில் பின்னுவதைப் பார்த்தேன். இரண்டு மரக்கம்புகள் நட்டு, நடுவே நூல் ஓட்டிக்கொண்டிருந்தார். கையில் மர ஊசி. ஒரு முடிச்சுகூடப் போடவில்லை. நூலை ஒன்றுக்குள் ஒன்று விட்டு விட்டுப் பின்னுகிறார். அதனால்தான் அதில் படுத்தால் முதுகில் எதுவும் உறுத்துவதில்லை. எனக்குப் பாஷை அரைகுறைதான். அவர் வலையை இரண்டு கையாலும் விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். நல்லதென்றால் கண்ணிகள் சின்னதாக, நெருக்கமாக இருக்கும். நூல் மெல்லியதாக, எண்ணிக்கை கூடுதலாக இருக்கும். இரண்டு முனையிலும் தொங்கவிடும் கயிறுகள் தடிமனான கொத்தாக இருக்கும். கடலோரக் கடையில் கிடைக்கும் மலிவுச் சரக்கில் கண்ணிக்குள் கையே நுழையும். குறுக்குக் கட்டை வைத்து அகலமாக விரித்துக் காட்டுவது அந்த ஊர் வழக்கமே இல்லை. மாயா வலையில் மூலைவாட்டில் சாய்ந்து படுக்க வேண்டும். பருத்தி நூலா நைலானா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் தொங்கவிடப் பருத்தி சுகம். வெயிலில், மொட்டை மாடியில் என்றால் நைலான்தான் உழைக்கும். மடித்தால் ஒரு சின்னத் தலையணை அளவுக்குள் அடங்கிவிடும். சம்பந்தி வீட்டுக்கு இதை விட நல்ல பொருள் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது பூவேலை. மாயாப் பெண்கள் போடும் வெள்ளை அங்கியில் கழுத்தைச் சுற்றியும் கீழ் ஓரத்திலும் பூ தைத்திருப்பார்கள். அங்கி பெரிதாக இருந்தால் கைக்குட்டை, மேசைவிரிப்பு கிடைக்கும். துணியைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். கையால் தைத்ததில் நூல் ஓட்டம் அங்கங்கே தாவியிருக்கும், முடிச்சின் வால் தெரியும். இழை எண்ணிப் போடும் கிராஸ் ஸ்டிச்தான் மிக உயர்ந்தது, விலையும் அதற்கேற்ப இருக்கும். காலால் மிதிக்கும் தையல் மெஷினில் வீட்டிலேயே பூ போடும் பெண்களும் நிறைய. அதைப் போலி என்று ஒதுக்காதீர்கள், அதுவும் அவர்கள் உழைப்பே. ஒதுக்க வேண்டியது, நூறு துணியிலும் ஒரு நூல் பிசகாமல் ஒரே பூ இருக்கும் ஆலைச் சரக்கை. கோசுமெல் பழைய காலத்தில் இஷ்செல் என்ற பெண் தெய்வத்தின் தலம். பிள்ளைப்பேறுக்கும் நெசவுக்கும் அவள்தான் காவல். பெண்கள் படகேறி வந்து கும்பிட்டுப் போன தீவு அது. அங்கிருந்து ஒரு துணி வாங்கி வருவது பொருத்தம்தானே!

கொசுத்தேன் தெரியுமல்லவா, கொட்டாத குட்டித் தேனீயின் தேன்? அதே வகையைச் சேர்ந்த, கொட்டாத தேனீயை மாயா மக்கள் வெகுகாலமாக மரக்குடைவுகளில் வளர்க்கிறார்கள். மெலிபோனா தேன் என்பார்கள். தண்ணியாக, லேசாகப் புளிக்கும். சின்னப் புட்டியே விலை அதிகம். பெரிய புட்டி மலிவாகக் கிடைத்தால் அது வேறு தேன். உணவுப் பொருள் எதுவானாலும், திரும்பும்போது அமெரிக்கச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனி, அசல் மெக்சிகோ, ஆனால் கோசுமெல்லுடையது அல்ல என்ற வகை ஒன்று உண்டு. வண்ணப் புள்ளி வைத்த மர மிருகங்களும் கறுப்பு மண்பானையும் ஒஹாக்கா மாநிலத்தவை. நீலப் பூப்போட்ட தலவேரா பீங்கான் புவெப்லாவினுடையது. பிடித்தால் தாராளமாக வாங்குங்கள், ஊரைச் சரியாகச் சொல்லும் கடையில் மட்டும். வட்டமான 'ஆஸ்டெக் காலண்டர்' தட்டு எல்லாக் கடையிலும் தொங்கும். அதன் மூலக்கல் 1790-இல் மெக்சிகோ நகரில் தோண்டி எடுத்தது. கோசுமெல்லிலிருந்து அந்த நகரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒகேனக்கல்லில் தாஜ்மகால் பொம்மை வாங்குவது போல.

வெள்ளி விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். முதல் வருடம் அம்மாவுக்கென்று ஒரு சங்கிலி வாங்கினேன். 'மெக்சிகோ வெள்ளி' என்றார் கடைக்காரர். மெக்சிகோதான் உலகத்திலேயே அதிக வெள்ளி எடுக்கும் நாடு, தாஸ்கோ நகரத்து வெள்ளி வேலை உலகம் முழுக்கத் தெரியும். அதனால் நம்பினேன். ஆறே மாதத்தில் அம்மாவின் கழுத்தில் பச்சைக் கோடு. கிருஷ்ணகிரியில் எங்களுக்குப் பழக்கமான ஆசாரியிடம் கொண்டுபோனேன். கொக்கியைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, பொடி எழுத்தில் இருந்ததை என்னிடமே படிக்கச் சொன்னார். 'அல்பாகா' என்று இருந்தது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது, நாம் ஜெர்மன் சில்வர் என்கிறோமே, அதேதான். வெள்ளி ஒரு குண்டுமணிகூடக் கிடையாது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆகவே 925 என்ற முத்திரை, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, இருக்கிறதா பாருங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள், அல்பாகாவும் பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது. முத்திரையோடு ரசீதிலும் 925 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

அப்புறம் இரண்டு சின்ன விஷயம். மெக்சிகோ பணமான பெசோவுக்கும் டாலருக்கும் ஒரே குறிதான் போடுவார்கள். விலைச்சீட்டைப் பார்த்து மலைக்காமல், எந்தப் பணம் என்று முதலில் கேளுங்கள். டிசம்பரில் கோசுமெல் நேரம் ஹூஸ்டனை விட ஒரு மணி முன்னே ஓடும். கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று இறங்கும் முன்பே கேட்டு, அதன்படியே திரும்புங்கள்.

கேள்வி: வீட்டில் கேக் செய்து விற்கிறேன். கப்பலில் போகும் தோழி மெக்சிகோவிலிருந்து ஒரு லிட்டர் வெனிலா மலிவாக வாங்கி வருவதாகச் சொல்கிறாள். வாங்கச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: வேண்டாம். வெனிலாவின் பிறப்பிடம் மெக்சிகோதான், வெராக்ரூஸ் மாநிலத்தின் பாபாந்த்லா அதற்குப் புகழ்பெற்ற ஊர். ஆர்க்கிட் கொடியில் காய்க்கும் அந்தக் காயைப் பறித்து, வெயிலில் காட்டி, போர்த்தி வியர்க்க வைத்துப் பதப்படுத்தவே மாதக்கணக்கில் ஆகும். அப்படிச் செய்தது லிட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்க வழியில்லை. மலிவுப் புட்டிகளில் டோங்கா என்ற கொட்டையிலிருந்து எடுக்கும் கூமரின் என்ற வாசனைப் பொருள் கலந்தவை உண்டு. ஈரலைக் கெடுக்கும் என்று அமெரிக்காவில் 1954-லேயே அதை உணவில் சேர்க்கத் தடைசெய்துவிட்டார்கள். உங்கள் கேக்கைச் சாப்பிடுவது ஊர்ப் பிள்ளைகள். தோழியிடம் புட்டியை விட்டுவிட்டு, காய் நாலைந்து வாங்கச் சொல்லுங்கள். வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும், தொட்டால் விரலில் எண்ணெய்ப் பசை ஒட்ட வேண்டும். புட்டிதான் வேண்டுமென்றால் சின்னதாக, சாராய அளவு 35 சதவீதம் என்று எழுதியதாகப் பார்க்கட்டும்.

கேள்வி: கறுப்புப் பவளம், ஆமை ஓட்டு வளையல், மாயா காலத்துச் சிறு சிலை இவையெல்லாம் கோசுமெல்லில் கிடைக்குமாமே. கொண்டுவரலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கிருஷ்ணகிரி

பதில்: ஐயா, மூன்றையும் தொடாதீர்கள். கடலாமை ஓடு உலக நாடுகளுக்கிடையே வணிகம் முற்றிலும் தடைசெய்யப்பட்ட பொருள். கறுப்புப் பவளத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், நம் நாட்டு வனவிலங்குச் சட்டத்திலும் அது பாதுகாக்கப்பட்ட உயிர். பெங்களூர் விமான நிலையத்தில் இறங்கும்போது உங்களுக்குத்தான் சிக்கல். சிலை நிஜமாகவே பழையது என்றால் மெக்சிகோவின் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டை விட்டே வெளியேறக் கூடாது. இன்று செய்தது என்று நேர்மையாகச் சொல்லி விற்கும் நகல் இருந்தால் அதை வாங்குங்கள். செய்தவர் பெயர் அடியில் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: அங்கே வண்ண மெருகு பூசிய மண்சட்டி அழகாக இருக்கிறதாம். அதில் புளிக்குழம்பு வைக்கலாமா?
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: வைக்காதீர்கள். குறைந்த சூட்டில் சுட்ட பழைய முறை மெருகில் காரீயம் இருக்கும், புளி பட்டால் அது குழம்பில் இறங்கும். நம் ஈயச்சொம்பு ரசத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சொம்பில் இருப்பது வெள்ளீயம், இது வேறு. 'சின் ப்ளோமோ', அதாவது காரீயம் இல்லாதது, என்று எழுதியிருந்தால் சமைக்கலாம். எழுதாததை வாங்கினால் செண்டுமல்லி போட்டு வாசலில் வையுங்கள். அந்தப் பூவும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான்.