முற்றுகைக்குள் ஒரு கேமரா: வாசகர் கேள்வி-பதில்

(2022இல் ரஷ்யப் படை முற்றுகையிட்ட உக்ரைன் நகரம் மரியுபோல். அங்கே எடுத்த ‘20 டேஸ் இன் மரியுபோல்’ ஆவணப்படத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.)

மரியுபோலில் கரண்ட், இன்டர்நெட் எல்லாம் போன பிறகும் அந்தக் காட்சிகள் எப்படி வெளியே வந்தன?
வாசகி, சாட்ஸ்வர்த்

2022 பிப்ரவரி 24 விடிகாலை. போர் தொடங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் மிஸ்திஸ்லாவ் செர்னோவும் எவ்கெனி மலோலெத்காவும் நகருக்குள் வந்துசேர்ந்தார்கள். சில நாட்களில் மின்சாரம், தண்ணீர், தொலைபேசி எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கொள்ளைபோன ஒரு மளிகைக்கடையின் வெளிப்படிக்கட்டு அருகில் மட்டும் சிக்னல் கிடைத்தது. தினம் ஒரு தடவை அங்கே போய், படிக்குக் கீழே குந்தியிருந்து அனுப்பினார்கள். மார்ச் 3ஆம் தேதியோடு அதுவும் போயிற்று. மார்ச் 9 அன்று மகப்பேறு மருத்துவமனை மீது குண்டு விழுந்தது. அந்தக் காட்சியை அனுப்ப வழியில்லாமல் தவித்தபோது, ஒரு போலீஸ் அதிகாரி மின்சாரமும் இணைப்பும் இருந்த இடத்துக்கு அழைத்துப் போனார். வீடியோவை மூன்று துண்டாக்கி, மூன்று கைபேசிகளை வரிசையாக வைத்து, இருட்டில் பல மணி நேரம் உட்கார்ந்து அனுப்பி முடித்தார்கள்.

ஏன் துண்டாக்க வேண்டும்? கணக்குப் போட்டால் புரியும். ஒரு நிமிடக் காட்சியை நொடிக்கு 4 மெகாபிட் அளவுக்குச் சுருக்கினால் 30 எம்பி (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்). சிக்னல் நொடிக்கு 200 கிலோபிட் கொடுத்தால் அது போய்ச்சேர 20 நிமிடம். 18ஆம் நிமிடத்தில் இணைப்பு அறுந்தால் பல செயலிகள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். துண்டுகளாக இருந்தால் வீணாவது ஒரு துண்டுதான். ஆனால் மூன்று கைபேசியும் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கினால் வேகம் மூன்று மடங்கு ஆகிவிடாது. வெவ்வேறு நிறுவனங்களின் சிம் இருந்தால்தான் முழுப் பலன்.

வெட்டும் இடமும் முக்கியம். எந்தத் துண்டு தனியாகப் போய்ச் சேர்ந்தாலும் அதை வைத்து ஒரு செய்தி போட முடிய வேண்டும். ஆகவே மிக முக்கியமான 10 விநாடியை முதலில் அனுப்புங்கள். அதற்கும் முன்னால் இடம், தேதி, நேரம், படத்தில் இருப்பது என்ன என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். வீடியோ போகாத சிக்னலில்கூட எழுத்து போகும்.

சாட்டிலைட் போன் இருந்தால் போதுமே என்று பலர் நினைக்கிறார்கள். கையில் பிடித்துப் பேசும் இரிடியம் கருவியில் டேட்டா வேகம் நொடிக்கு 2.4 கிலோபிட்தான். மேலே சொன்ன 30 எம்பி அதில் போக ஏறக்குறைய 28 மணி நேரம் பிடிக்கும்! அது குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் உரிய கருவி.

ஸ்டேஜ் 6 லோட்ஷெடிங்கையே (தென்னாப்பிரிக்காவின் சுழற்சி முறை மின்வெட்டு) பவர் பேங்கும் இன்வெர்ட்டரும் வைத்துச் சமாளித்தோம். அங்கேயும் அதே ஏற்பாடு போதாதா?
வாசகர், பீனிக்ஸ்

போதாது. நம் வீட்டு ஏற்பாடு, சில மணி நேரத்தில் கரண்ட் திரும்பும் என்ற நம்பிக்கையில் செய்தது. 20,000 மில்லி ஆம்பியர்-அவர் பவர் பேங்க் என்பது 74 வாட்-அவர். மின்னழுத்தம் மாறும்போது வீணாவது போக, கைக்கு வருவது 50 சொச்சம். 16 வாட்-அவர் கேமரா பேட்டரியை மூன்று தடவை ஏற்றலாம். லேப்டாப்புக்கு ஒரு முழு தடவைகூட வராது. அதனால் லேப்டாப்பைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். எந்தக் காட்சி வேண்டும் என்பதை அன்றைக்கே நேரம் குறித்த நோட்டிலிருந்து முடிவுசெய்துகொண்டு, அந்தத் துண்டை மட்டும் வெட்டிச் சுருக்குங்கள்.

கார் பேட்டரி நல்ல துணை. 12 வோல்ட், 60 ஆம்பியர்-அவர் என்றால் கணக்கில் 720 வாட்-அவர். பாதிக்கு மேல் உறிஞ்சினால் வண்டி கிளம்பாமல் போகலாம். தப்பிக்க வேண்டிய வண்டியும் அதுதான். இன்னொன்று குளிர். அந்த மார்ச்சில் மரியுபோல் மக்கள் பனியை உருக்கித் தண்ணீர் எடுத்தார்கள். அந்தக் குளிரில் லித்தியம் பேட்டரி திடீரென்று படுத்துவிடும். சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்து, எடுக்கும்போது மாட்டுங்கள்.

ஆவணப்படத்துக்கு 4கே-யில்தான் எடுக்க வேண்டுமா? எத்தனை கார்டு வேண்டும்?
திரைப்பட மாணவர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

தம்பி, செர்னோவ் எடுத்தது ஏறக்குறைய 30 மணி நேரம். படம் 95 நிமிடம். நொடிக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி, 30 மணிக்கு 1,350 ஜிபி. 50 மெகாபிட்டில் எச்டி எடுத்தால் அதில் பாதி. இரண்டு பிரதி எடுத்தாக வேண்டும் என்பதால் எச்டி-யே போதும் என்பது எங்கள் கருத்து. ஒரே 512 ஜிபி கார்டு வேண்டாம். 64 ஜிபி கார்டுகள் பல இருக்கட்டும். ஒன்று பிடிபட்டாலோ பழுதானாலோ எல்லாம் போய்விடாது. பிரதிகள் இரண்டும் ஒரே பையில் இருந்தால் அது ஒரு பிரதிதான். இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுங்கள். நகல் சரியாக வந்ததா என்று செக்சம் (மூலமும் நகலும் ஒன்றா என்று ஒப்பிடும் எண்) போட்டுப் பார்க்கும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

மூலக்கோப்பை அப்படியே காப்பாற்ற இன்னொரு காரணமும் உண்டு. அந்த மருத்துவமனைக் காட்சியே நடிப்பு என்று ரஷ்ய அதிகாரிகள் சொன்னார்கள். அதற்குப் பதில் சொல்ல உதவுவது வெட்டாத நீண்ட ஷாட், சரியான கேமரா கடிகாரம், தெருப்பெயரோ தெரிந்த கட்டடமோ தெரியும்படி தொடங்கும் காட்சி. ஷாட்டை 10 விநாடிக்குக் குறையாமல் பிடியுங்கள். ஒலியில் ஒரு சேனலை மற்றதைவிட 12 டெசிபல் தாழ்த்தி வையுங்கள். குண்டுச் சத்தத்தில் ஒன்று உடைந்தாலும் மற்றது நிற்கும்.

கார்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. தைரா என்று மக்கள் அழைத்த மருத்துவச் சேவகி யூலியா பயேவ்ஸ்கா, உடம்பில் மாட்டிய கேமராவில் காயம்பட்டவர்களைப் பதிவுசெய்துகொண்டே இருந்தார். 256 ஜிபி காட்சி நகத்தளவு கார்டு ஒன்றில் அடங்கியது. மார்ச் 15 அன்று அதை டாம்பனுக்குள் (மாதவிடாய்ப் பஞ்சு) ஒளித்து, 15 ரஷ்ய சோதனைச் சாவடிகளைத் தாண்டி அசோசியேட்டட் பிரஸ் குழு வெளியே கொண்டுவந்தது. மறுநாள் பயேவ்ஸ்கா பிடிபட்டார்.

என் மகன் ஃப்ரீலான்ஸராகப் போர் நடக்கும் இடத்துக்குப் போகிறேன் என்கிறான். என்ன செய்யச் சொல்ல?
ஒரு தாய், லெனேசியா

அம்மா, கேமரா வாங்குவதற்கு முன்னால் ரத்தம் நிறுத்தக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். 2011 ஏப்ரலில், முற்றுகையில் இருந்த லிபியாவின் மிஸ்ராட்டாவில் ஒளிப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் குண்டுச் சிதறல் பட்டு, ரத்தம் போயே இறந்தார். அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கர் அதன் பிறகுதான் ஃப்ரீலான்ஸர்களுக்கு முதலுதவி கற்றுத்தரும் அமைப்பைத் தொடங்கினார். டூர்னிக்கே (கம்பை முறுக்கி இறுக்கி ரத்தத்தை நிறுத்தும்) பட்டையைக் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே கட்ட வேண்டும். மூட்டின் மேல் கட்டக்கூடாது. ரத்தம் நிற்கும்வரை கம்பை முறுக்கி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். மலிவான போலிப் பட்டையில் முறுக்கும்போது கம்பு உடையும். தொடை இடுக்கில் காயம் என்றால் பட்டை பயன்படாது; துணியை உள்ளே திணித்து முழு பலத்தோடு அமுக்க வேண்டும். இதைக் கண்ணை மூடிக்கொண்டும், ஒற்றைக் கையாலும் செய்து பழகட்டும்.

கவச உடுப்பும் தலைக்கவசமும் சேர்ந்தால் 10 கிலோ வரும். தலைக்கவசம் சிதறலைத் தடுக்கும். துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் என்று நம்பக்கூடாது.

நம் தென்னாப்பிரிக்க ஒளிப்படக்காரர் ஆன்டன் ஹாமெர்லும் அதே மாதம் லிபியாவில் ப்ரேகா அருகே கொல்லப்பட்டார். உயிரோடு இருக்கிறார் என்றே குடும்பம் வாரக்கணக்கில் நம்பியிருந்தது. ஆகவே ரத்த வகை, காப்பீடு, தினம் எத்தனை மணிக்கு யாருக்குத் தகவல், தவறினால் யார் யாரை அழைப்பது என்று எழுதி உங்களிடமும் ஆசிரியரிடமும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சிக்னலை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பார்களா?
வாசகர், வெருலம்

கண்டுபிடிக்க முடியும். 2012 பிப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸில் செய்தியாளர் மேரி கொல்வின், ஒளிப்படக்காரர் ரெமி ஓஷ்லிக் இருவரும் செய்தியாளர்கள் தங்கியிருந்த வீட்டில் கொல்லப்பட்டார்கள். அது குறிவைத்த தாக்குதல் என்று 2019இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூங்கும் இடத்திலிருந்து எதையும் அனுப்பாதீர்கள். அனுப்பியதும் கைபேசியை அணைத்துவிட்டு நகருங்கள்.

முகத்தை மறைப்பதைப் பிறகு எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?
ஊடக மாணவி, டொங்காட்

வெளியாகும் படத்தில் மறையும். கார்டில் முகம் அப்படியே இருக்கும். பெரும்பாலான கேமராக்களில், கார்டில் இருப்பதை மற்றவர் பார்க்க முடியாதபடி பூட்டும் வசதி கிடையாது. சாவடியில் கார்டு பிடிபட்டால், நீங்கள் போன பிறகும் அந்த ஊரிலேயே இருக்கப்போகிற டாக்டரும் தாயும் அதில் தெரிவார்கள். சம்மதம் கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். தயங்கினால் முதுகுப் பக்கம், கைகள், குரல் என்று எடுங்கள். ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடத்தையும் ஃபிரேமிலிருந்து தள்ளிவிடுங்கள்.