ஏஐ வந்தபின் நிறுவனத்தின் டேட்டா பொறுப்பாளர்கள் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆவணங்களை. இத்தனை நாள் அட்டவணையில் இருக்கும் எண்களைத்தான் டேட்டா என்று பார்த்தோம். இனி, வாடிக்கையாளர் கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட் படிக்கும் பிடிஎஃப், பழைய சுற்றறிக்கை எல்லாமே டேட்டாதான்.

ஏர் கனடா விமான நிறுவனத்தின் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி இறந்ததற்காகப் பயணித்தவரிடம், டிக்கெட் வாங்கி 90 நாளுக்குள் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது அந்நிறுவன இணையதளத்தின் சாட்பாட். அதே தளத்தின் இன்னொரு பக்கமோ, பயணத்துக்குப் பிறகு கேட்க முடியாது என்றது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற நிறுவனத்தின் வாதம் எடுபடவில்லை. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் இழப்பீடு கொடுக்கச் சொல்லிவிட்டது.

எந்த ஏஐ மாடலைப் பயன்படுத்துவது என்று அலசுவது அப்புறம் இருக்கட்டும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் யார் பொறுப்பு, எந்தத் தேதி வரை அது செல்லும் என்று இப்போதே குறித்து வையுங்கள். காலாவதியானதை சாட்பாட் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள்.